பூசணிக் கொடியும் உச்சி வெயிலும்

கோடையில் பூசணி போட்டவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். இலை ஏன் வாடுகிறது? பூச்சிக்கு என்ன அடிப்பது? பல கோடைகளாகக் கொடி வளர்த்துப் பார்த்ததில் எனக்கு இவை இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. தண்ணீர் தட்டிய கொடியில்தான் இலைச்சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சியான செஞ்சிலந்தி முதலில் ஏறுகிறது. செஞ்சிலந்தி வந்துவிட்டதே என்று பகலில் எண்ணெய்க் கரைசலை அடித்தால் அந்த வெயிலிலேயே இலை பொசுங்குகிறது. இலை போனால் காய்க்கு நிழல் போகிறது. நிழல் போன காயின் தோல் வெந்து, வெந்த இடத்தில் அழுகல் பிடிக்கிறது. எங்கே ஆரம்பித்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால், வேரடி மண் காய்ந்துபோன ஒரு நாளில் போய் நிற்கும். அதனால் கோடை வந்தால் மருந்துப் புட்டியைத் தேடுவதற்கு முன்னால் மண்ணைக் கிளறிப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

பூசணி என்று நான் சொல்வது மஞ்சள் பூசணியை, அதாவது பரங்கியை. வெண்பூசணி வேறு செடி. இதில் பாதி அதற்கும் பொருந்தும்.

முதலில் வாடலைப் பார்ப்போம். நண்பகலில் தோட்டத்துக்குப் போனால், காலையில் விறைப்பாக நின்ற இலைகள் எல்லாம் மடக்கிய குடை மாதிரி காம்பைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வளர்க்கிறவர்களுக்கு இதைப் பார்த்தால் மனசு தாங்காது. உடனே குழாயைத் திறந்துவிடுவார்கள். பூசணி இலை அகலமானது, மெல்லியது. உச்சி வெயிலில் அது ஆவியாக விடும் தண்ணீருக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது, மண்ணில் ஈரம் இருந்தாலும்கூட. இலை தொங்கும்போது அதன் மேல் நேராக விழும் வெயில் குறைகிறது. கொடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி போய்ப் பாருங்கள், நிமிர்ந்திருந்தால் கவலை வேண்டாம். மறுநாள் விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் விஷயம் இருக்கிறது.

அப்போதும் தண்ணீர்க் குழாயைத் தொடுவதற்கு முன்னால் ஒரு குச்சியையோ விரலையோ வேரடியில் நன்றாக உள்ளே விட்டுப் பாருங்கள். மேல்மண் பொடியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, கோடையில் மேல்மண் எப்போதும் அப்படித்தான் இருக்கும். விரலாழத்தில் மண் ஒட்டுகிறதா என்பதுதான் கணக்கு. உள்ளேயும் வறண்டிருந்தால் தாகம். உள்ளே ஈரமாக இருந்தும் காலையில் கொடி வாடி நின்றால் அதற்குத் தண்ணீர் விடுவது கெடுதல்தான் செய்யும். வேர் அழுகியிருக்கலாம், மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு வந்திருக்கலாம், மண்ணுக்குள் இருக்கும் வண்டின் புழு அடித்தண்டைக் கடித்திருக்கலாம். கொடி முழுவதும் வாடி, இனி தேறாது என்று தெரிந்தால் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு. அடுத்த முறை அந்த இடத்தில் பூசணி, வெள்ளரி, பாகல் எதுவும் வேண்டாம்.

தண்ணீர் விட நல்ல நேரம் விடியற்காலை. பகல் முழுவதற்குமான இருப்பை வேர் அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளும். மாலையிலும் விடலாம், மண்ணில் மட்டும் விழுகிற மாதிரி. இலை ஈரத்தோடு இரவைக் கழித்தால் ஈரத்தில் பரவும் இலை நோயான அடிச்சாம்பல் நோய்க்கு வழி திறந்துவிட்ட மாதிரிதான். அதைவிட முக்கியம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கும் பழக்கத்தை விடுவது. அப்படித் தெளித்தால் மேலே இரண்டு விரற்கடை மண் மட்டும் நனையும், வேரும் அங்கேயே தங்கிவிடும். கோடையில் அதிகமாகச் சூடேறுவது அந்த மேல்மண்தான். ஆழமாக நனையும்படி விட்டுவிட்டு, மண் கொஞ்சம் காயும்வரை பொறுத்து, மறுபடி ஆழமாக விட்டால் வேர் கீழே இறங்கும். மணற்பாங்கான மண்ணில் இடைவெளி குறைவாக இருக்கும், களிமண்ணில் அதிகமாக இருக்கும். இதற்கு நாள் கணக்கு சொல்ல முடியாது, குச்சிதான் சொல்லும்.

எங்கே விடுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். கொடி பத்தடி ஓடிய பிறகும் தண்டை ஒட்டியே ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. தண்ணீர் குடிக்கும் நுனிவேர்கள் அதற்குள் வெளியே நகர்ந்திருக்கும். தண்டின் அடி மட்டும் எப்போதும் சொதசொதவென்று இருந்து அழுகும். நான் முதலில் ஒரு சாண் தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டுவேன், கொடி வளர வளர வட்டத்தை அகலமாக்குவேன். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவைக்கலாம். மண் காயக் காயப் பானை கசியும். சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த முறை இருந்திருக்கிறது. மெருகு பூசாத பானையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் வறட்சி, ஒருநாள் வெள்ளம் என்று விட்டால் இலை தாங்கினாலும் காய் தாங்காது. பிஞ்சின் பூ இருந்த நுனி கறுத்து அமுங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது பூச்சி வேலை இல்லை. சுண்ணாம்புச் சத்து நீரோடுதான் காய்க்குப் போய்ச் சேர வேண்டும். நீர் விட்டுவிட்டுக் கிடைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் பயனில்லை. முட்டை ஓட்டுத் தூளைத் தூவிவிட்டுப் பலனுக்குக் காத்திருப்பதைவிடத் தண்ணீரை ஒழுங்காக விடுவது மேல்.

அடுத்து மூடாக்கு. கோடைப் பூசணிக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்று யாராவது என்னிடம் சொன்னால் இதைத்தான் செய்யச் சொல்வேன். வைக்கோல், சருகு, காய்ந்த புல், எது கிடைக்கிறதோ அதை நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்ப வேண்டும். நல்ல வெயில் நாளில் மூடாக்கு இல்லாத மண்ணில் கையை வைத்தால் சுடும், மூடாக்கை விலக்கிக் கீழே தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். வேருக்குக் கிடைக்கும் வித்தியாசம் அது. விதையோடு இருக்கும் புல்லைப் போட்டால் களை பெருகும், பச்சையாகப் போட்டால் சூடேறும். அதனால் காயவைத்துத்தான் போட வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் இடம் விட்டுவிடுங்கள். தண்டோடு ஒட்டிக் கிடந்தால் அங்கே ஈரம் தங்கி அழுகும், பூச்சியும் ஒளிந்துகொள்ளும்.

மூடாக்கு போடும்போது இன்னொரு வேலையும் செய்துவிடலாம். தரையில் ஓடும் பூசணிக் கொடியின் கணுவைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் வெள்ளையாகச் சின்ன முனைகள் தெரியும். ஈர மண் பட்டால் அவை வேராகிவிடும். இரண்டு மூன்று கணுவுக்கு ஒரு இடத்தில் மூடாக்கை விலக்கி, கணுவை மண்ணில் பதித்து, மேலே ஒரு கை மண் போட்டு, அங்கேயும் தண்ணீர் விடுகிறேன். இப்படி வழியெல்லாம் வேர்விட்ட கொடி பகலில் குறைவாகத்தான் வாடுகிறது. அடித்தண்டுக்கு ஏதாவது ஆனாலும் முன்பகுதி பிழைத்துக்கொள்கிறது. அமெரிக்கப் பகுதிகளில் பூசணியின் தண்டைக் குடையும் புழு பெரிய தொல்லை. அங்கேயும் தோட்டக்காரர்கள் இப்படிக் கணுவைப் புதைத்துத்தான் கொடியைக் காப்பாற்றுகிறார்கள். கொடியைப் பந்தலில் ஏற்றுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. பந்தல் இடத்தை மிச்சப்படுத்தும், ஈரத்தைச் செலவழிக்கும்.

நிழல்வலை பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பூசணி வெயில் செடி, முழு நிழலில் அது இலையாகவே நீண்டுகொண்டு போகும், பூ வராது. 30 அல்லது 35 விழுக்காடு நிழல் தரும் வலை போதும், அதையும் மேற்குப் பக்கத்தில் சாய்த்துக் கட்டினால் போதும். காலை வெயில் கொடிக்கு வேண்டும், மாலை மூன்று மணி வெயில்தான் வாட்டி எடுக்கிறது. கிழக்குப் பக்கம் திறந்திருந்தால் தேனீயும் தடையில்லாமல் வந்துபோகும். வலை வாங்க விருப்பமில்லையா, மேற்கே இரண்டு வரிசை மக்காச்சோளம் போடுங்கள். மெக்சிகோவில் பூசணியைப் பழக்கிப் பயிராக்கிய பழங்குடிகள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்தே வளர்த்தார்கள். அதில் பூசணியின் அகன்ற இலைதான் மற்ற இரண்டுக்கும் மூடாக்கு.

தொட்டியிலும் பையிலும் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்புப் பை வெயிலில் சூடேறி வேரை வேகவைத்துவிடும். சுற்றிலும் பழைய சாக்கைக் கட்டுங்கள், அல்லது வெள்ளைத் துணியைச் சுற்றுங்கள். சிறிய பையில் பூசணி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றியே ஆள் ஓய்ந்துவிடுவார்.

சரி, கொடி நன்றாக இருக்கிறது, பூவும் பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை. இந்தப் புலம்பலுக்குப் பாதிக் காரணம் வெப்பம். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் உருண்டையாக இருக்கும், ஆண் பூவுக்கு நீளமான வெறும் காம்பு. எப்போதும் ஆண் பூக்கள்தான் முதலில் வரும். பகல் நீளமாகவும் சூடு அதிகமாகவும் இருந்தால் ஆண் பூக்களே வந்துகொண்டிருக்கும், பெண் பூ தாமதமாகும். பகலில் 32 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் 21 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்தால் பெண் மொட்டுகள் விரியாமலேயே மஞ்சளாகி உதிரும். இதற்கு மருந்து கிடையாது. இரண்டு நாள் வெப்பம் தணிந்தால் தானாகச் சரியாகும். முடிந்தால், பூக்கும் காலம் உச்சக் கோடையில் வந்து விழாதபடி விதைக்கும் நாளைத் தள்ளிப் போடலாம். பூ உதிர்கிறதே என்று யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் பெருகும், பெருகிய இளம் இலைக்குச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும்.

விரிந்த பெண் பூவும் உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பூசணி மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது. காற்றில் பறக்காது, தேனீதான் கொண்டுபோக வேண்டும். பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். சூடு ஏற ஏற மகரந்தத்தின் உயிர்ப்பும் குறைந்துகொண்டே போகும். ஆகவே கையால் மகரந்தம் சேர்ப்பதாக இருந்தால் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடித்துவிட வேண்டும். அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்து எடுத்துவிட்டால் நடுவில் மஞ்சள் தண்டு மட்டும் நிற்கும். விரலில் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும், ஒட்டவில்லையென்றால் வேறு பூவைப் பாருங்கள். அதைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் மடல்கள் ஒவ்வொன்றிலும் மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் அந்தப் பக்கம் மட்டும் பருத்து, கோணிக்கொண்டு வளரும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ செலவழிப்பேன், ஆண் பூவுக்குப் பஞ்சமே இல்லையே. சேர்ந்துவிட்டதா என்று சில நாளில் தெரிந்துவிடும்: பிஞ்சு பளபளப்போடு பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது, மஞ்சளாகிச் சுருங்கினால் இல்லை.

இனி பூச்சிகள். பூசணிக்கு வரும் பூச்சிகளில் எனக்கு எரிச்சல் மூட்டுவது சிவப்பு வண்டு. செம்மஞ்சள் நிறத்தில், ஒரு நெல் நீளம்கூட இருக்காது. ஆனால் விதை முளைத்து இரண்டு விதையிலை விரித்ததும் எங்கிருந்தோ வந்துவிடும். பெரிய கொடியின் இலையில் நாலு ஓட்டை போட்டால் கொடி கண்டுகொள்ளாது. நாற்றில் போட்டால் மறுநாள் வெறும் காம்புதான் மிஞ்சும். இந்த வண்டினத்தில் சில தின்னும் விதத்தைக் கிட்ட உட்கார்ந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முதலில் இலையில் வட்டமாக ஒரு கோடு அறுக்கும். அதன் பிறகு அந்த வட்டத்துக்கு உள்ளே இருப்பதை மட்டும் நிதானமாகத் தின்னும். பூசணி இலையைக் கிள்ளினால் பிசுபிசுவென்று சாறு வருமே, அது வந்து வாயை ஒட்டாமல் இருக்க முதலிலேயே வழியை வெட்டிவிடுகிறது. இலையில் வட்டவட்டமாகத் தடம் தெரிந்தால் புழுவைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், இது வண்டுதான்.

இதற்கு நான் மருந்து அடிப்பதில்லை. வண்டு காலைக் குளிரில் மந்தமாக இருக்கும், வெயில் ஏறினால் தொடும் முன்பே பறந்துவிடும். அதனால் பனி காய்வதற்குள் சோப்புத் தண்ணீர் உள்ள ஒரு குவளையோடு போக வேண்டும். குவளையை இலைக்கு நேர்க் கீழே பிடித்துக்கொண்டு இலையைத் தட்டினால், தப்பிக்கக் கீழே விழும் வண்டு நேராகக் குவளைக்குள் விழும். மேலிருந்து கையால் பிடிக்கப் போனால் ஒன்றும் அகப்படாது. நாற்றின் மேல் சலித்த விறகுச் சாம்பலை மெல்லிசாகத் தூவலாம், இலை ஈரமாக இருக்கும்போது தூவினால் ஒட்டும். கனமாகக் கொட்டினால் இலை மூச்சுத் திணறும், மழையோ தண்ணீரோ பட்டால் மறுபடி தூவ வேண்டும். எல்லாவற்றையும்விட உறுதியான வழி, முளைத்த நாளிலிருந்து கொசுவலைத் துணியால் மூடிவைப்பது. ஓரங்களில் மண் போட்டு அடைத்துவிட வேண்டும். பெண் பூ வரும்போது வலையை எடுத்துவிடுங்கள், தேனீ வர வேண்டும். அதற்குள் கொடி தடித்து, வண்டைச் சமாளிக்கும் வயதுக்கு வந்திருக்கும். ஒரு குழிக்கு நான்கைந்து விதை போட்டு, பிழைத்ததில் நல்லதாக இரண்டை வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

வண்டு நாற்றுக்கு என்றால் பழ ஈ பிஞ்சுக்கு. பெண் ஈ தன் ஊசி போன்ற உறுப்பால் இளம் பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், அதிலிருந்து பழுப்பாகப் பிசின் சொட்டியிருக்கும். அப்புறம் பிஞ்சு அந்த இடத்தில் குழிவிழுந்து, கோணி, அழுகும். வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும். புழு உள்ளே போன பிறகு மேலே எதை அடித்தாலும் அதற்குப் போய்ச் சேராது. அதனால் முன்னாலேயே மறைக்க வேண்டும். மகரந்தம் சேர்ந்தது உறுதியானதும் பிஞ்சைத் துணிப் பையிலோ செய்தித்தாள் உறையிலோ போட்டு வாயைத் தளர்வாகக் கட்டிவிடுகிறேன். பிளாஸ்டிக் பை வேண்டாம், கோடையில் பிஞ்சு உள்ளே புழுங்கிவிடும். தோல் முற்றி நகம் இறங்காத நிலைக்கு வந்தபின் உறையை எடுத்துவிடலாம்.

ஈ தாக்கிய பிஞ்சைப் பறித்து ஓரமாக எறிவது, உரக்குழியில் போடுவது இரண்டும் ஈயை வளர்க்கிற வேலை. புழு காயைவிட்டு வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். விழுந்த பிஞ்சுகளை அன்றன்றே பொறுக்கி, தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, காற்றுப் புகாமல் சில நாள் வெயிலில் போட்டுவிடுங்கள், எல்லாம் வெந்துவிடும். வாசனையால் ஈயை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம், நானும் வைக்கிறேன். ஆனால் அதில் விழுவது ஆண் ஈ மட்டும். ஏற்கெனவே கருவுற்ற பெண் ஈ உங்கள் பிஞ்சைத் தேடி வரத்தான் செய்யும். சுற்றிலும் எல்லாத் தோட்டத்திலும் வைத்தால் பலன் தெரியும், ஒருவர் மட்டும் வைத்தால் ஈயின் நடமாட்டத்தைத் தெரிந்துகொள்ளத்தான் உதவும். ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் 1972-இல் தொடங்கி, இணை சேர்ந்தாலும் குஞ்சு பொரிக்காதபடி மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டு, 1993-இல் இந்த ஈயை அடியோடு ஒழித்தார்கள். தீவு என்பதால் முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஈ இருக்கும் நமக்கு உறைதான் துணை.

இலையின் மேல்புறம் வெளிறி, ஊசி குத்திய மாதிரி மஞ்சள் புள்ளிகள் நிறைந்தால் வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டிப் பாருங்கள். தாளில் தூசி போல விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் செஞ்சிலந்தி. காய்ந்த காற்று, சூடு, புழுதி மூன்றும் அதற்குப் பிடித்தமானவை. பாதையோரத்துக் கொடியில் முதலில் வருவது அதனால்தான். காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைச் சற்று வேகமாகப் பீய்ச்சினால் பெருமளவு குறைந்துவிடும், இலையும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். கடையில் விற்கும் பூச்சிமருந்தில் ஒரு வகையான செயற்கைப் பைரித்ராய்டை அடித்தால் செஞ்சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், செஞ்சிலந்தி பிழைத்து முன்னைவிடப் பெருகும்.

அசுவினியும் வெள்ளை ஈயும் சாற்றை உறிஞ்சுவதைவிட அவை கொண்டுவரும் தேமல் என்ற வைரஸ் நோய்தான் பயம். இலை சுருங்கி, பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகி, நுனி குறுகினால் அந்தக் கொடிக்கு வைத்தியம் இல்லை. பிடுங்கிவிடுங்கள். ஆசைப்பட்டு வைத்துக்கொண்டால் மற்றக் கொடிகளுக்கும் போகும். அசுவினி ஒரு கடியிலேயே, சில நொடியிலேயே, நோயை ஏற்றிவிடும் என்பதால் மருந்து அடித்து இதைத் தடுப்பது கடினம். நாற்றைச் சுற்றி வெள்ளி நிற ஷீட் விரித்தால் அதன் ஒளியில் அசுவினி இறங்கத் தடுமாறும். கோடை முற்றும்போது கொடி அதன் மேல் படர்ந்து மறைத்துவிடுவதால் சூடும் பெரிதாக ஏறாது. இலையில் வெள்ளைக் கோடு கோடாகப் பாம்பு ஊர்ந்த மாதிரி தெரிவது இலைத்துளைப்பான். அதை நான் கண்டுகொள்வதே இல்லை, மோசமான ஒன்றிரண்டு இலையைக் கிள்ளிப் போடுவதோடு சரி.

வெள்ளை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பரங்கி இலையின் நரம்புகள் பிரியும் இடங்களில் வெள்ளி நிறத்தில் திட்டுகள் இருப்பது அந்தச் செடியின் பிறவிக் குணம். இதைச் சாம்பல் நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். விரலால் தேய்த்தால் போதும். மாவு போல ஒட்டினால் நோய், ஒட்டாவிட்டால் இலையின் நிறம். பிறவித் திட்டு எல்லா இலையிலும் நரம்பை ஒட்டி ஒழுங்காக இருக்கும், நோய் முதிர்ந்த இலையில் வட்டமாக எங்கு வேண்டுமானாலும் தொடங்கும். சாம்பல் நோய்க்கு இலையில் ஈரம் தேவையில்லை, கோடையிலும் நெருக்கமும் நிழலும் கிடைத்தால் பரவும். தொடக்கத்திலேயே ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை காலையில் தெளிக்கிறேன். பாட்டி வைத்தியம் மாதிரித் தெரியும். ஆனால் பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் பசுமைக்குடிலில் வளர்த்த, பூசணி இனத்தைச் சேர்ந்த சுக்கினிச் செடிகளில் சோதித்து, பால் இந்த நோயைக் கட்டுப்படுத்துவதை 1999-இல் வெளியிட்டிருக்கிறார். இலை முழுவதும் வெளுத்த பிறகு தெளித்துப் பயனில்லை.

வேப்பெண்ணெய் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. முதலில் எண்ணெயோடு சிறிது சோப்புக் கரைசலைச் சேர்த்து வெள்ளையாகும்வரை குலுக்கி, பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் ஏதோ ஒரு இலையில் மொத்தமாக இறங்கிப் பொசுக்கும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் இலையை எரிக்கும், வேம்பில் வேலை செய்யும் பொருளும் வெயிலில் சிதைந்துவிடும், மாலையில் பூக்கள் மூடியிருப்பதால் தேனீக்கும் தொந்தரவில்லை. பகலில் வாடி இன்னும் நிமிராத கொடியில் அன்று தெளிக்கவே வேண்டாம். முதல்முறை என்றால் ஒரே ஒரு இலையில் தெளித்துவிட்டு மறுநாள் பார்த்து மற்றதைச் செய்யுங்கள். எண்ணெய்க்கு ஒத்துவராத கொடிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது: இடித்த பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்பு சேர்த்துத் தெளிக்கலாம். சாம்பல் நோய்க்கு அடிக்கும் கந்தகத் தூளையும் எண்ணெயையும் இரண்டு வார இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து அடிக்காதீர்கள், பூசணி இலை கருகும். சூடு 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகமே வேண்டாம்.

காய் பிடித்தபின் வேலை குறைவு. கோடையில் ஒரு கொடிக்கு இரண்டு காய் போதும் என்று வைத்துக்கொண்டால் கொடி திணறாது. காய்க்கு அப்பால் சில இலைகள் விட்டு நுனியைக் கிள்ளிவிடலாம். நோய்ப்பட்ட இலையைத் தவிர மற்றதைக் கழிக்காதீர்கள், காய்க்குக் குடை அவைதான். இலை இல்லாமல் வெயிலில் நிற்கும் காயின் மேல் வைக்கோலைப் போட்டு மூடுங்கள், அடியிலும் வைக்கோல் மெத்தையோ பலகையோ வையுங்கள். வெயில் பட்ட தோல் வெளுத்து, பிறகு காகிதம் மாதிரி ஆகிவிட்டால் அந்தக் காய் வைத்திருக்கத் தாங்காது.

அறுவடை முடிந்ததும் கொடியை அப்படியே காயவிட்டுப் போய்விடுவது நிறையப் பேர் வழக்கம். சிவப்பு வண்டின் புழுவும் பழ ஈயின் கூட்டுப்புழுவும் அந்த மண்ணின் மேல் அடுக்கில்தான் காத்திருக்கின்றன. கொடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்தி, மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டிப் போட்டால் வெயிலும் பறவைகளும் பாதியை முடித்துவிடும். கோடை இன்னும் மிச்சம் இருந்தால், கொத்திய மண்ணைச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் ஷீட்டை மண்ணோடு ஒட்டும்படி விரித்து, ஓரங்களைப் புதைத்து நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கறுப்பு ஷீட் தானே சூட்டை வாங்கிக்கொள்ளும், மண்ணுக்கு இறக்காது. நிறமற்றதில்தான் வெயில் உள்ளே இறங்கி மண் வேகும், மேல்மண்ணில் இருக்கும் கூட்டுப்புழுவும் நூற்புழுவும் களை விதையும் அதில் பெருமளவு போய்விடும். ஷீட்டில் ஓட்டை விழுந்தால் உடனே டேப் ஒட்டிவிடுங்கள், அந்த இடத்தில் சூடு நிற்காது.